நிரல்மொழித் தரநிலைகள் வெளிவர ஏன் இத்தனை ஆண்டுகள் ஆகின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சி, சி++, ஃபோர்ட்ரான், ஜாவாஸ்கிரிப்ட் போன்ற மொழிகளில் ஒரு புதிய வசதி வரப்போகிறது என்று கேள்விப்பட்ட நாளுக்கும், அது தரநிலையில் ஏறி நம் கைக்கு வரும் நாளுக்கும் நடுவே ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. அது ஏன் என்று நிரல் எழுதுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்குக் கொஞ்சம் விரிவான பதில்கள் இவை.

தரநிலை என்பது என்ன? கம்பைலர்தானே மொழி?

தரநிலை ஓர் ஆவணம். "இப்படி எழுதினால் இதுதான் நடக்க வேண்டும்" என்று வரிவரியாகச் சொல்லும் ஆவணம். நாம் எழுதும் நிரலைக் கணினி இயக்கும் வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள்தான் கம்பைலர். ஜிசிசி, கிளாங், மைக்ரோசாஃப்ட்டின் கம்பைலர் எல்லாம் அதைப் படித்துவிட்டு வெவ்வேறு ஆட்கள் தனித்தனியாக எழுதியவை. ஒரே ஒரு கம்பைலர் உள்ள மொழி ஆவணம் இல்லாமலே காலம் தள்ளிவிடும். அந்தக் கம்பைலர் செய்வதே சட்டம். இரண்டாவது கம்பைலர் வந்ததும் இரண்டில் எது சரி என்ற கேள்வி வந்துவிடும்.

சி மொழிக்கு நடந்தது இதுதான். கெர்னிகனும் ரிச்சியும் 1978-ல் எழுதிய புத்தகத்தின் பின்னிணைப்புதான் பல ஆண்டுகள் அதன் தரநிலையாக இருந்தது. அதில் சொல்லாமல் விட்ட இடங்களை ஒவ்வொரு கம்பைலரும் தன் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொண்டது. அமெரிக்கத் தர நிறுவனமான ஆன்சி 1983-ல் ஒரு குழுவை அமைத்தது. அந்தக் குழு வேலையை முடித்து ஒப்புதல் வாங்கியது 1989 டிசம்பரில்.

பொதுவாக எவ்வளவு காலம் பிடிக்கும்?

சி-க்கு ஆறு ஆண்டுகள் என்றால் அது வேகம்தான். காமன் லிஸ்ப்புக்கான ஆன்சி குழு 1986-ல் கூடியது, தரநிலை வந்தது 1994-ல். ஃபோர்ட்ரான் 77-க்கு அடுத்த பதிப்புக்கு "8எக்ஸ்" என்று பெயர் வைத்திருந்தார்கள். எண்பதுகளில் ஏதோ ஓர் ஆண்டில் முடித்துவிடலாம் என்ற நம்பிக்கை. கடைசியில் அதற்கு ஃபோர்ட்ரான் 90 என்று பெயர் வந்தது, சர்வதேசத் தர நிறுவனமான ஐஎஸ்ஓ வெளியிட்டதோ 1991-ல். கோபோலின் 1985 பதிப்புக்கும் அடுத்த முழுப் பதிப்புக்கும் இடையே 17 ஆண்டுகள்.

சி++ கதையும் இதேதான். 1998-க்குப் பிறகு வரவேண்டிய பெரிய பதிப்பை "0எக்ஸ்" என்று அழைத்தார்கள். 2009-க்குள் வந்துவிடும் என்று பொருள். வந்தது 2011-ல். அந்த எக்ஸ் பதினாறடிமான எண்தான், அதில் 11-ஐக் குறிக்கும் 'பி' என்ற எழுத்தைப் போட்டுக்கொண்டால் கணக்கு சரியாகிவிட்டது என்று குழுவினரே சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள்.

எழுதவேண்டியது ஓர் ஆவணம்தானே, அதில் என்ன கஷ்டம்?

வசதியைக் கண்டுபிடிப்பது இதில் சின்ன வேலை. அதை யாரும் தப்பாகப் படிக்க முடியாதபடி எழுதுவதுதான் பெரிய வேலை. ஒரு சின்ன உதாரணம் பார்ப்போம்.

ஏற்கெனவே வாங்கிய நினைவகத் துண்டைப் பெரிதாக்கவோ சுருக்கவோ சி-யில் ரீஅலாக் என்ற செயற்கூறு இருக்கிறது. அதற்குப் புதிய அளவாகச் சுழியம் கொடுத்தால் என்ன ஆகும்? 1989 தரநிலை தெளிவாக இருந்தது: பழைய துண்டு விடுவிக்கப்படும். 1999 பதிப்பில் அந்த வாக்கியம் இல்லை. மீதியிருந்த வாக்கியங்களை இரண்டு விதமாகவும் படிக்கலாம். லினக்ஸில் பரவலாக இருக்கும் லைப்ரரி (ஆயத்தச் செயற்கூறுகளின் தொகுப்பு) பழைய துண்டை விடுவித்துவிட்டு, எதையும் சுட்டாத நல் சுட்டியைத் திருப்பித் தருகிறது. வேறு சில அமைப்புகளில் பழையதை விடுவித்துவிட்டு, நல் அல்லாத ஒரு குட்டித் துண்டைத் தருவார்கள்.

இதில் என்ன ஆபத்து? வழக்கமாக நல் திரும்பி வந்தால் "வேலை நடக்கவில்லை, பழைய துண்டு இன்னும் நம்மிடம் இருக்கிறது" என்று பொருள். அதை நம்பி எழுதப்பட்ட நிரல், ஏற்கெனவே விடுவிக்கப்பட்ட துண்டை இன்னொரு முறை விடுவிக்கும். பாதுகாப்பு ஓட்டைகள் இப்படித்தான் உருவாகின்றன.

சரி, ஒரு வரி சேர்த்துத் தீர்த்துவிட வேண்டியதுதானே? எந்த வரியைச் சேர்ப்பது? எதைச் சேர்த்தாலும் ஏதோ ஓர் அமைப்பில் பல ஆண்டுகளாக ஓடும் நிரல்கள் தரநிலைப்படி தப்பாகிவிடும். சி17 பதிப்பில் "இது அந்தந்தச் செயலாக்கத்தை, அதாவது கம்பைலரையும் லைப்ரரியையும் பொறுத்தது, வழக்கொழியப்போகிறது" என்றார்கள். சி23-ல் அதையும் விட்டுவிட்டு, சுழியம் கொடுத்தால் என்ன நடக்கும் என்று வரையறை கிடையாது என்று அறிவித்தார்கள். ஒற்றைச் செயற்கூறின் ஒற்றை ஓர நிலைக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் போயிருக்கிறது. இப்போது வந்திருப்பதும் "இந்தப் பக்கம் வராதே" என்ற பலகைதான். ஆவணத்தில் இப்படிப்பட்ட ஓரங்கள் ஏராளம்.

ஓரங்கள் சரி. பெரிய விஷயங்களிலும் இப்படித்தானா?

பெரிய விஷயங்களில் இதைவிட மோசம். ஒரே நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழைகளான த்ரெட்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1998-ன் சி++ தரநிலையில் த்ரெட் என்ற பேச்சே கிடையாது. ஆனாலும் எல்லாரும் இயங்குதளத்தின் லைப்ரரியை வைத்துப் பல த்ரெட் நிரல்கள் எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள். பிறகு ஏன் மொழிக்குள் கொண்டுவர வேண்டும்?

பல மாறிகளை ஒன்றாகக் கட்டிவைக்கும் ஒரு ஸ்ட்ரக்டில் ஒரு பைட் அளவுள்ள இரண்டு மாறிகள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒரு த்ரெட் முதலாவதில் மட்டும் எழுதுகிறது, இன்னொரு த்ரெட் இரண்டாவதில் மட்டும் எழுதுகிறது. இரண்டும் ஒன்றையொன்று தொடவில்லை, பூட்டும் தேவையில்லை என்று தோன்றும். ஆனால் ஆல்ஃபா என்ற செயலிச் சில்லின் தொடக்க காலப் பதிப்புகளில் ஒற்றை பைட்டை நேரடியாக எழுதும் கட்டளையே கிடையாது. கம்பைலர் அக்கம்பக்கத்துப் பைட்களையும் சேர்த்துப் படித்து, வேண்டிய பைட்டை மட்டும் மாற்றி, முழுவதையும் திருப்பி எழுதும். அந்த இடைவெளியில் மற்ற த்ரெட் எழுதியது காணாமல் போய்விடும். நிரலில் பிழை இல்லை, கம்பைலரும் அன்றைய தரநிலையை மீறவில்லை, ஆனாலும் விடை தப்பு.

லைப்ரரியை மட்டும் வைத்து இதைத் தீர்க்க முடியாது என்று கணினி ஆய்வாளர் ஹான்ஸ் போம் 2005-ல் ஒரு கட்டுரையில் விளக்கினார். எந்த எழுத்து எந்த த்ரெட்டுக்கு எப்போது தெரியும், கம்பைலர் எதை இடம் மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்பதையெல்லாம் மொழியே சொல்ல வேண்டும். ஜாவாவில் தொடக்கத்திலேயே அப்படி ஒரு மாதிரி இருந்தது. அதில் ஓட்டைகள் இருப்பது தெரிந்து 2004-ல்தான் திருத்தி எழுதினார்கள். சி++11-ல் வந்த நினைவக மாதிரி, சில்லு வடிவமைப்பாளர்கள், கம்பைலர் எழுதுகிறவர்கள், கணிதவியலாளர்கள் எல்லாரும் உட்கார்ந்து உருவாக்கியது. அதிலும்கூட "கன்ஸ்யூம்" என்ற ஒரு வகை வரிசைமுறையைக் கம்பைலர்களால் சொன்னபடி செய்ய முடியவில்லை. எல்லாரும் அதைவிடக் கடுமையான இன்னொன்றாக மாற்றிக்கொண்டு சமாளித்தார்கள். அத்தனை பேர் பார்த்தும் அது தப்பிவிட்டது.

பழைய நிரல்களைப் பற்றி ஏன் இவ்வளவு பயம்? மாற்றிக்கொள்ளச் சொல்ல வேண்டியதுதானே?

யாரிடம் சொல்வது? ஜாவாஸ்கிரிப்டில் 2018-ல் நடந்தது இதற்கு நல்ல உதாரணம்.

அடுக்கடுக்காக இருக்கும் அணிகளை (அர்ரே) ஒரே அணியாகத் தட்டையாக்கும் "ஃபிளாட்டன்" என்ற வசதியைச் சேர்க்க முன்மொழிவு வந்தது. ஃபயர்ஃபாக்ஸின் சோதனைப் பதிப்பில் அதைப் போட்டதும் ஒரு வலைத்தளம் உடைந்தது. காரணம் மூடூல்ஸ் என்ற பழைய லைப்ரரி. அது ஏற்கெனவே அதே பெயரில் தன் சொந்தச் செயற்கூறை அணிகளில் ஒட்டவைத்திருந்தது. உலாவியில் அந்தப் பெயர் இருந்தாலும் மூடூல்ஸ் தன்னுடையதை மேலே எழுதிவிடும், அதனால் பிரச்சினை வரக்கூடாது என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் உலாவி தரும் செயற்கூறுகள் ஒரு சுழற்சியில் பெயர்களை வரிசையாக எடுக்கும்போது தென்படாத வகை. மேலே எழுதினாலும் அந்தக் குணம் மாறாது. மூடூல்ஸோ அப்படிச் சுழன்று கிடைக்கும் பெயர்களைத்தான் தன் இன்னொரு வகைப் பொருளுக்கு நகலெடுத்தது. ஃபிளாட்டன் சுழற்சியில் தென்படவில்லை, நகல் ஆகவில்லை, தளம் உடைந்தது.

இப்படி உடையும் தளங்கள் பல ஆண்டுகளாக யாரும் கை வைக்காதவை. எழுதியவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாது. உலாவியைப் புதுப்பித்ததும் தளம் வேலை செய்யாவிட்டால் பயனர் உலாவியைத்தான் திட்டுவார். பெயரை மாற்றச் சொன்னபோது, கேலியாக "ஸ்மூஷ்" என்று வைக்கலாம் என ஒரு யோசனை வந்து, அதற்குப் பெரிய அமளி நடந்தது. கடைசியில் "ஃபிளாட்" என்று சுருக்கி 2019 பதிப்பில் சேர்த்தார்கள். இதற்கு முன் "கன்டெய்ன்ஸ்" என்று வரவேண்டியது "இன்குளூட்ஸ்" என்று வந்ததற்கும் இதே மூடூல்ஸ்தான் காரணம்.

சி++20-ல் செயற்கூறை நடுவில் நிறுத்திப் பிறகு தொடர உதவும் கோரூட்டீன் வசதிக்கான சொற்களின் முன்னால் அழகில்லாத ஒரு "கோ" ஒட்டிக்கொண்டிருப்பதும் இந்த வகைதான். யீல்ட், அவெய்ட் என்ற பெயர்களை மாறிகளுக்கும் செயற்கூறுகளுக்கும் வைத்த நிரல்கள் ஏற்கெனவே நிறைய இருந்தன. வங்கிகளும் விமான மின்னணுவும் நம்பியிருக்கும் நிரல்களில் ஒரு பெயரைத் திடீரெனத் தடைசெய்ய யாருக்கும் மனம் வராது.

அப்படியென்றால் ஒரு முறை சேர்த்ததை எடுக்கவே முடியாதா?

முடியும், ஆனால் அதற்கு ஒரு தலைமுறை ஆகும். உள்ளீட்டின் நீளத்தைப் பார்க்காமல் படித்துப் பாதுகாப்பு ஓட்டைகளுக்கு வழிவகுத்த கெட்ஸ் என்ற செயற்கூறு முதல் தரநிலையிலேயே இருந்தது, நீக்கியது சி11-ல். டிரைகிராஃப் இன்னும் வேடிக்கை. சில நாடுகளின் பழைய 7-பிட் எழுத்துத் தொகுப்புகளில் சதுர அடைப்பு, நெளி அடைப்பு எல்லாம் இல்லை என்பதால், இரண்டு கேள்விக்குறிகளும் அதன்பின் இன்னொரு குறியும் சேர்ந்தால் அது வேறொரு குறி ஆகும் என்று 1989-ல் ஒரு விதி வைத்தார்கள். அந்தத் தேவை மறைந்து வெகுகாலம் ஆனபிறகும், மெயின்பிரேம் நிரல்களை மனத்தில் வைத்து ஐபிஎம் நீக்குவதை எதிர்த்தது. சி++ அதை 2017 பதிப்பில் நீக்கியது. சி நீக்க 23 பதிப்பு வரை ஆனது.

இதைவிடப் பாடம் தருவது சி++98-ல் சேர்த்த "எக்ஸ்போர்ட்" டெம்ப்ளேட், அதாவது பல தரவு வகைகளுக்கும் பொதுவாக எழுதும் அச்சு நிரல்களுக்கான (டெம்ப்ளேட்) ஒரு வசதி. முழுமையாகச் செய்துபார்க்காமல் தரநிலையில் ஏற்றினார்கள். அதை உண்மையில் செயல்படுத்தியது ஒரே ஒரு குழு. முடித்த பிறகு, மற்றவர்கள் இதில் இறங்க வேண்டாம் என்று சொன்னதும் அவர்களேதான். சி++11-ல் அது நீக்கப்பட்டது. அதே சி++11-ல், பயன்படாத நினைவகத்தைத் தானாக விடுவிக்கும் குப்பை சேகரிப்புக்கென ஒரு சின்ன ஆதரவு சேர்த்தார்கள், அதை யாரும் செய்யவில்லை, சி++23-ல் தூக்கிவிட்டார்கள். ஒரு வசதியைக் குழு ஆண்டுக்கணக்கில் ஆறப்போடுவதைப் பார்த்து எரிச்சல் வந்தால் இந்த இரண்டையும் நினைத்துக்கொள்ளலாம். ஆறப்போடாமல் விட்டவை இவை.

இதையெல்லாம் யார் உட்கார்ந்து எழுதுகிறார்கள்?

பெரும்பாலும் வேறு வேலை பார்க்கிறவர்கள். குழுவில் இருப்பதற்குக் குழு சம்பளம் தருவதில்லை. அவர்களின் நிறுவனம் நேரத்தையும் பயணச் செலவையும் கொடுக்கும், அல்லது சொந்தக் காசில் வருவார்கள். சி++ குழு வழக்கமாக ஆண்டுக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரு வாரம் கூடுகிறது. முன்மொழிவு முதலில் அந்தத் துறைக்கான துணைக்குழுவுக்குப் போகும், அப்புறம் மொழியையோ லைப்ரரியையோ வளர்க்கும் குழுவுக்கு, அதன் பிறகு ஆவணச் சொற்களைப் பார்க்கும் குழுவுக்கு, கடைசியாக முழு அவைக்கு. ஓர் இடத்தில் "இந்தப் பத்தியை மாற்றிக்கொண்டு வாருங்கள்" என்றால் அடுத்த கூட்டம் வரை நான்கு மாதம் போய்விடும். இரண்டு இடத்தில் அப்படிச் சொன்னால் எட்டு மாதம் பறிபோகும்.

இந்த வரிசையில் நெரிசல் எங்கே என்று கேட்டால், சொற்களைப் பார்க்கும் குழுவில்தான் என்பேன். யோசனை சொல்ல ஆயிரம் பேர் உண்டு. முழு ஆவணத்தையும் மனத்தில் வைத்துக்கொண்டு, புதிய பத்தி எந்தப் பழைய பத்தியோடு மோதுகிறது என்று சொல்லக்கூடியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே.

வாக்கெடுப்பு வைத்து முடித்துவிட முடியாதா?

வாக்கெடுப்பு உண்டு. ஆனால் வெறும் பெரும்பான்மை போதாது, ஒருமித்த கருத்து வேண்டும். சி++ துணைக்குழுக்களில் கடும் ஆதரவு, ஆதரவு, நடுநிலை, எதிர்ப்பு, கடும் எதிர்ப்பு என்று ஐந்து வகையாக எண்ணுகிறார்கள். கடும் எதிர்ப்புச் சொல்பவர் ஒரு கம்பைலரைக் கட்டிக்காப்பவர் என்றால், எண்ணிக்கையில் தோற்றாலும் அவர் பேச்சைக் கேட்டே ஆக வேண்டும். அவர் செய்யப்போவதில்லை என்றால் தரநிலையில் எழுதி என்ன பயன்? ஜாவாஸ்கிரிப்டின் டிசி39 குழுவில் ஒரு முன்மொழிவு அடுத்த கட்டத்துக்குப் போக யாரும் தடுக்காமல் இருக்க வேண்டும்.

ஒருவரின் எதிர்ப்பு எவ்வளவு நல்லது செய்யும் என்பதற்குச் சி-யின் "நோஅலியாஸ்" கதையைச் சொல்வார்கள். கம்பைலர்கள் வேகமான நிரல் உருவாக்கட்டும் என்று முதல் தரநிலையின் கடைசிக் கட்டத்தில் இந்தச் சொல்லைச் செருகினார்கள். சி-யை உருவாக்கிய, ஆனால் குழுவில் இல்லாத டென்னிஸ் ரிச்சி 1988-ல் நீண்ட கடிதம் எழுதி, இது போயே ஆக வேண்டும், பேரத்துக்கே இடமில்லை என்றார். போய்விட்டது. அதே தேவைக்கு இன்னும் நிதானமாக வடிவமைத்த "ரிஸ்ட்ரிக்ட்" பத்து ஆண்டு கழித்து சி99-ல் வந்தது.

அதே தரநிலையின் முடிவில் இன்னொன்றும் நடந்தது. பொதுமக்கள் கருத்துக்கேட்பில் வந்த ஒருவரின் கடிதம் கவனக்குறைவால் விடுபட்டுப் போனது. அவர் முறையீடு செய்தார். எல்லாம் முடிந்த ஆவணம் அதனால் பல மாதங்கள் காத்துக்கிடந்தது. வரும் ஒவ்வொரு கருத்துக்கும் பதில் சொல்ல வேண்டும் என்பது விதி. "முடியாது" என்பதும் பதில்தான், ஆனால் சொல்ல வேண்டும்.

ஐஎஸ்ஓ-வின் நடைமுறைதான் காரணம் என்கிறார்களே?

ஒரு பங்கு உண்மை. தொழில்நுட்ப வேலை முடிந்த பிறகும் குழு வரைவு, சர்வதேச வரைவு என்று நாடுகளின் வாக்கெடுப்புகள் இருக்கின்றன. சர்வதேச வரைவுக்கான வாக்கெடுப்பு மட்டுமே 12 வாரம். சி++20-ஐக் குழு 2020 பிப்ரவரியில் பிராக் நகரில் முடித்தது, அந்த ஆண்டு டிசம்பரில் வெளிவந்தது. சி++23-ஐ 2023 பிப்ரவரியில் முடித்தார்கள். ஐஎஸ்ஓ வெளியிட்டது 2024 அக்டோபரில். சி23-ம் பெயரில் 23 இருந்தாலும் அதே 2024 அக்டோபரில்தான் வந்தது. இந்தக் கடைசிக் காத்திருப்பில் மொழிக்கு நன்மை எதுவும் இல்லை என்பதே என் எண்ணம். நல்லவேளையாக அதனால் கெடுதலும் குறைவு. கம்பைலர்கள் ஆவணம் அச்சாகும்வரை காத்திருப்பதில்லை.

பெரிய நிறுவனங்கள் வேண்டுமென்றே இழுத்தடிக்கின்றனவா?

எப்போதாவது. அதைவிட அதிகம் நடப்பது, தங்கள் பழைய நிரல்களைக் காப்பாற்றிக்கொள்ள நினைப்பது. அது பயனர்களின் நலனும்தான் என்பதால் இதைச் சதி என்று சொல்ல முடியாது.

ஒரே பதிப்பில் எல்லாவற்றையும் செய்ய நினைத்தால் என்ன ஆகும்?

ஈஎஸ்4 ஆகும். ஜாவாஸ்கிரிப்டின் தரநிலையான எக்மாஸ்கிரிப்டின் மூன்றாம் பதிப்பு 1999-ல் வந்தது. நான்காம் பதிப்பில் கிளாஸ்கள், வகைகள், பேக்கேஜ்கள் என்று ஒரு புது மொழியையே திட்டமிட்டார்கள். இது வலையை உடைத்துவிடும், மிகப் பெரிது என்று மைக்ரோசாஃப்ட், யாஹூ தரப்பினர் எதிர்த்தார்கள். குழு இரண்டாகப் பிரிந்தது. 2008-ல் அந்தப் பதிப்பையே கைவிட்டார்கள். நான்கு என்ற எண் இன்றுவரை காலி. சின்னத் திருத்தங்களோடு ஐந்தாம் பதிப்பு 2009-ல் வந்தது. கிளாஸ்களும் மாட்யூல்களும் 2015-ல்தான் வந்தன. வரைவை நம்பி அடோபி தன் ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3-ஐக் கட்டியிருந்தது. எந்தத் தரநிலையோடும் சேராமல் அது தனியே நின்றுபோனது.

சி++-லும் இதே சாயல். டெம்ப்ளேட்களுக்கு நிபந்தனை விதிக்கும் கான்செப்ட்ஸ் வசதி சி++0எக்ஸ் வரைவில் ஏறிய பிறகு, 2009 ஜூலையில் ஃபிராங்க்ஃபர்ட் கூட்டத்தில் இறக்கப்பட்டது. வடிவமைப்பு சிக்கலாகிவிட்டது, இதற்காக இன்னும் காத்திருக்க முடியாது என்றார்கள். எளிமையான வேறு வடிவம் சி++20-ல் வந்தது.

அந்த அனுபவத்துக்குப் பிறகு குழு ரயில் முறைக்கு மாறியது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வண்டி கிளம்பும். தயாராக இருப்பது ஏறும், இல்லாதது அடுத்ததில் வரும். 14, 17, 20, 23 என்று அதன்படியே வந்தன. ஒரு செயற்கூறின் முன்பின் நிபந்தனைகளை எழுதிவைக்கும் கான்ட்ராக்ட்ஸ் என்ற வசதி 2018-ல் ஏற்றப்பட்டு, 2019 ஜூலையில் கொலோனில் இறக்கப்பட்டபோது வண்டி அதற்காக நிற்கவில்லை. புதிய வடிவில் 2025 பிப்ரவரியில்தான் சி++26 வரைவில் மறுபடி ஏறியது. டிசி39-ம் 2015-க்குப் பிறகு ஆண்டுக்கொரு பதிப்பு வெளியிடுகிறது. கடைசிக் கட்டத்தை எட்ட, பொதுவான சோதனைகளில் தேறும் இரண்டு செயலாக்கங்கள் இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. எக்ஸ்போர்ட் காலத்தில் சி++-க்கு அப்படி ஒரு விதி இருந்திருக்கலாம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். பதிப்புகள்தான் வேகமாக வருகின்றன. ஒரு தனி வசதி எடுத்துக்கொள்ளும் காலம் பெரிதாகக் குறைந்துவிடவில்லை.

குழு இல்லாத மொழிகள் வேகமாக நகர்கின்றனவே? பைதான், கோ, ரஸ்ட்?

சின்ன விஷயங்களில் ஆம். பைதானுக்கோ கோ-வுக்கோ ஐஎஸ்ஓ தரநிலை கிடையாது. நாடுகளின் வாக்கெடுப்பும் இல்லை. ஆனால் கனமான விஷயம் வந்தால் அங்கேயும் இதே நிதானம்தான். கோ மொழி வெளியானது 2009-ல். ஒரே நிரலைப் பல தரவு வகைகளுக்கும் பொதுவாக எழுத உதவும் ஜெனரிக்ஸ் வேண்டும் என்று முதல் நாளிலிருந்தே கேட்டார்கள். வந்தது 2022 மார்ச்சில். பல வடிவமைப்புகளைப் போட்டுப் பார்த்துத் தூக்கி எறிந்த பிறகுதான் ஒன்று பிடித்தது. ரஸ்ட்டில் அவெய்ட் என்ற சொல்லை முன்னால் வைப்பதா பின்னால் வைப்பதா என்ற விவாதம் எவ்வளவு நீண்டது என்பது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். பைதானில் ஒரு புதிய ஒதுக்கீட்டுக் குறியைப் பற்றிய சண்டை ஓய்ந்த கையோடு, 2018-ல் பைதானை உருவாக்கிய கைடோ வான் ராசம் இறுதி முடிவு எடுக்கும் பொறுப்பிலிருந்தே விலகினார். ஒரே ஆள் முடிவெடுத்தால் வேகம் வரும்தான். அந்த ஒரே ஆளுக்கு அதன் சுமை அவ்வளவு.

பழையதை உடைக்கலாம் என்று துணிந்தால் என்ன ஆகும் என்பதற்கும் பைதானே சாட்சி. பதிப்பு 3 வந்தது 2008-ல். 2-க்கான ஆதரவை நிறுத்த முடிந்தது 2020-ல்.

தரநிலை வந்த அன்றே புதிய வசதிகளைப் பயன்படுத்தலாமா?

வசதியைப் பொறுத்தது. சின்னச் சின்ன லைப்ரரி சேர்க்கைகள் பெரும்பாலும் ஏற்கெனவே கம்பைலரில் இருக்கும். நிரலைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்துத் தொகுக்கும் சி++20-ன் மாட்யூல்ஸ் மாதிரியானது வேறு ரகம். அங்கே கம்பைலர் மட்டும் மாறினால் போதாது. எந்தக் கோப்பை முதலில் தொகுக்க வேண்டும் என்று கோப்புகளைச் சேர்த்து நிரலைக் கட்டும் பில்ட் கருவிகளும் தெரிந்துகொள்ள வேண்டும். தரநிலை வந்து சில ஆண்டுகள் ஆன பிறகும் அது எல்லாக் கருவிகளிலும் சீராக ஓடவில்லை. வேலைக்கான நிரலில் ஒரு புதிய வசதியைப் போடும் முன், உங்கள் கம்பைலரின் ஆதரவுப் பட்டியலைப் பாருங்கள். வெளியான ஆண்டை நம்ப வேண்டாம்.

தரநிலையைப் படிக்கக் காசு கொடுக்க வேண்டுமா?

ஐஎஸ்ஓ விற்கும் அதிகாரப்பூர்வப் பிரதிக்குக் காசு உண்டு. ஆனால் நாள்தோறும் கம்பைலர் எழுதுகிறவர்களே பெரும்பாலும் புரட்டுவது இலவசமாகக் கிடைக்கும் வரைவுகளைத்தான். சி11-க்கு என்1570 என்ற வரைவு போதும். இறுதிப் பிரதியோடு அதற்குப் பெரிய வேறுபாடு இல்லை. எக்மாஸ்கிரிப்ட் தரநிலையை எக்மா அமைப்பே இலவசமாக வெளியிடுகிறது. ஒரு வரி ஏன் அப்படி இருக்கிறது என்று புரியாவிட்டால் தரநிலையில் விடை தேடாதீர்கள், அதில் காரணம் எழுதியிருக்க மாட்டார்கள். அந்த வசதிக்கான முன்மொழிவு ஆவணத்தை எண்ணை வைத்துத் தேடி எடுங்கள். கைவிட்ட மாற்று வடிவங்களும், யார் எதை எதிர்த்தார்கள் என்பதும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.